மகள் தூங்கப் போன ரயில்

செங்கல்பட்டிலிருந்து வரும் மின்சார ரயிலுக்காகத் தாம்பரம் ஸ்டேஷனில் நின்றுகொண்டிருந்தேன். மாலை ஆறு மணி இருக்கும். ஒரு கையில் கடைச் சாவி, இன்னொரு கையில் செல்போன். விரல் நுனியெல்லாம் ஜெராக்ஸ் மெஷினின் கறுப்பு மை. புடவையில் துடைத்துத் துடைத்து முந்தானையும் கறுத்துப் போயிருந்தது.

என் மகள் நிவேதா அப்போது பிளஸ் டூ. பள்ளி விட்டதும் சேலையூரிலிருந்து ஷேர் ஆட்டோ பிடித்து, ஸ்டேஷன் மேம்பாலம் ஏறி இறங்கி, மேற்குத் தாம்பரத்தில் நீட் கோச்சிங்குக்குப் போவாள். நாலரைக்கு வகுப்பு. ஏழு மணிக்குச் செம்பாக்கத்தில் வீட்டுக்கு வந்துவிடுவாள். ஒரு நாளும் தாமதமாக வந்ததில்லை. அதனால்தான் எனக்கு எதுவுமே தெரியாமல் போயிற்று.

அன்று ஐந்து மணி வாக்கில் கோச்சிங் சென்டரிலிருந்து ஒரு பெண் போன் செய்தாள். அலுவலகத்தில் புதிதாகச் சேர்ந்தவளாம்.

"நிவேதா அம்மாங்களா? நிவேதா இன்னைக்கும் கிளாஸுக்கு வரலைங்க. இந்த மாசத்துல இது ஏழாவது நாள்."

"எங்களுக்கு மெசேஜ் எதுவும் வரலையேம்மா" என்றேன்.

"மெசேஜெல்லாம் நிவேதா நம்பருக்குத்தான் போகுது போல. மெசேஜ் போட்டா போதும்னுதான் எங்க சார் சொல்லியிருக்காரு. எனக்குத்தான் மனசு கேக்கல." சற்றுத் தயங்கிவிட்டுச் சொன்னாள்: "அக்கா, அவ செங்கல்பட்டு ட்ரெயின்ல ஏறுறத கிளாஸ் பொண்ணுங்க பாத்திருக்காங்களாம்."

மகளின் போன் அணைக்கப்பட்டிருந்தது. கடையை அப்படியே பூட்டிக்கொண்டு ஸ்டேஷனுக்கு ஓடினேன். முதல் வண்டி வந்தது. பெண்கள் பெட்டியிலிருந்து இறங்கிய ஒவ்வொரு முகத்தையும் பார்த்தேன். அவள் இல்லை. நடைமேடையில் என் பக்கத்தில் யாரோ சமோசா தின்றுகொண்டிருந்தார்கள். அந்த எண்ணெய் வாசனை இப்போது எங்கே வந்தாலும் நான் அந்த இடத்தைவிட்டு நகர்ந்துவிடுகிறேன். பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளைகளைப் பற்றிச் செய்தித்தாளில் படித்ததெல்லாம் அந்த இருபது நிமிடத்தில் நினைவுக்கு வந்தது. அவற்றை இங்கே எழுத மாட்டேன்.

காகிதம் கொடுத்த அம்மா

இந்த அத்தியாயத்தை எழுதலாமா என்று முதலில் நிவியிடம் கேட்டேன். "தாராளமா எழுதும்மா. மார்க்க மட்டும் போடாத" என்றாள். ஆகவே வாசகர்கள் மார்க்கைத் தேட வேண்டாம். எங்கேயும் இருக்காது.

இந்தத் தொடரைத் தொடர்ந்து படிக்கிறவர்களுக்குக் கிழக்குத் தாம்பரத்தில் இருக்கும் எங்கள் ஜெராக்ஸ் கடையைத் தெரியும். ஒரு ஆள் நிற்கும் அகலம்தான். ஆனால் தாம்பரம் சுற்று வட்டாரத்தில் எந்தப் பள்ளியில் என்ன மாதிரித் தேர்வு நடந்தாலும் அந்தக் கேள்வித்தாள் என் மெஷின் வழியாக ஒரு தடவையாவது போகும். பிள்ளைகள் ஒருவர் பேப்பரை இன்னொருவர் நகல் எடுப்பார்கள். நான் எனக்கும் ஒன்று கூடுதலாக எடுத்துக்கொள்வேன்.

எல்லாம் நிவிக்காகத்தான். பம்மல் பள்ளியின் இயற்பியல், குரோம்பேட்டையின் வேதியியல், யாரோ ஒரு பையன் கையால் எழுதிய தாவரவியல் குறிப்பு. அத்தனையையும் ஸ்பைரல் பைண்டிங் போட்டு, மேலே நீல அட்டை வைத்து, மகாராணிக்குக் காணிக்கை போல் அவள் மேஜையில் கொண்டுபோய் வைப்பேன். மேஜை நிறைந்ததும் கட்டிலுக்கடியில் அடுக்கினேன். அவள் ஒரு முறையும் வேண்டாம் என்று சொல்லவில்லை. "தேங்ஸ்ம்மா" என்பாள். அந்த "தேங்ஸ்" நாளாக நாளாகச் சின்னதாகிக்கொண்டே வந்ததை நான் கவனிக்கவில்லை.

என் கணவர் பாஸ்கர் ஏசி மெக்கானிக். அவரால் முடிந்தது ஏசி. பழைய ஏசி ஒன்றை வாங்கி, கம்ப்ரஸரை மாற்றி, அவள் அறையில் மாட்டினார். அத்தோடு விட்டாரா? தினமும் கதவைத் திறந்து, "கூலிங் வருதா பாப்பா?" என்று கேட்பார். கேட்கும் சாக்கில் புத்தகத்தில் எந்தப் பக்கம் திறந்திருக்கிறது என்று பார்த்துவிட்டு வருவார். வந்து என்னிடம், "நேத்து பார்த்த அதே பக்கம்தான்டி" என்று கிசுகிசுப்பார்.

பாஸா? பாஸ்

நாங்கள் ஏன் அப்படி இருந்தோம் என்று யோசித்துப் பார்க்கிறேன். அவர் காரணம் எனக்குத் தெரியாது. என் காரணம் அனகாபுத்தூரில் இருக்கிறது.

நான் பிறந்து வளர்ந்தது அங்கேதான். அப்பா தோல் பதனிடும் ஷெட்டில் வேலை பார்த்தார். நான் பிளஸ் டூவில் என்ன குரூப் எடுத்திருந்தேன் என்றுகூட வீட்டில் யாருக்கும் தெரியாது. பரீட்சை நடந்த நாட்களில் அம்மா, "இன்னைக்கு லீவா, பள்ளிக்கூடமா?" என்று மட்டும் கேட்பாள். ரிசல்ட் வந்த அன்று வீட்டுக்கு ஓடி வந்தேன். அப்பா வேலை முடிந்து வந்து கைகால் கழுவிக்கொண்டிருந்தார். அவர் மீது எப்போதும் இருக்கும் அந்தச் சுண்ணாம்பு நெடி.

"பாஸா?" என்றார்.

"பாஸ்ப்பா."

"சரி, சாப்புடு."

அவ்வளவுதான். எத்தனை மார்க் என்று கேட்பார், கேட்பார் என்று சாப்பிட்டு முடிக்கும் வரை காத்திருந்தேன். கேட்கவில்லை. கணக்குப் பதிவியலில் நான் வகுப்பிலேயே முதல். அதைச் சொல்ல எனக்கு ஆள் இல்லை. கொடுமைக்கார அப்பா இல்லை அவர். கேட்கத் தெரியாத அப்பா. அன்றைக்கு எனக்குள் ஒரு வைராக்கியம் வந்தது. எனக்கு ஒரு பிள்ளை பிறந்தால் ஒவ்வொரு மார்க்கையும் கேட்பேன், ஒவ்வொரு பாடத்தையும் கேட்பேன் என்று.

கேட்டேன். இரண்டு வருடம் விடாமல் கேட்டேன்.

சானடோரியம்

இரண்டாவது வண்டி வந்தது. பெண்கள் பெட்டி என் முன்னால் வந்து நின்றது. ஜன்னலோரத்தில் நிவி. பள்ளிப் பையை மடியில் வைத்து அதன்மேல் தலை சாய்த்துத் தூங்கிக்கொண்டிருந்தாள். கொய்யாப்பழக் கூடையைக் கீழே வைத்துவிட்டு ஒரு பெண்மணி அவள் தோளைத் தட்டிக்கொண்டிருந்தார்.

"ஏந்திரும்மா. தாம்பரம் வந்துச்சு பாரு."

நான் ஏறிவிட்டேன். இறக்குவதற்காகத்தான் ஏறினேன். ஆனால் அந்த முகத்தைப் பார்த்ததும் கை நீளவில்லை. வாய் லேசாகத் திறந்திருந்தது. கழுத்தில் வியர்வை. மூன்று வயதில் என் மடியில் தூங்கிய அதே தூக்கம். இப்படி அவள் தூங்கி நான் பார்த்துப் பல மாதம் ஆகியிருந்தது.

"நான் அவ அம்மா" என்றேன்.

அந்தப் பெண்மணி என்னை மேலும் கீழும் பார்த்தார். "உன் பொண்ணா? ஒரு மாசமா பாத்துகினு கீறேன். ஏறி குந்துனா அடுத்த நிமிஷம் தூக்கம். போறப்போ ஒரு தூக்கம், வர்றப்போ ஒரு தூக்கம். தாம்பரத்துல நான்தான் எழுப்பி வுடுவேன்." பிறகு குரலைத் தாழ்த்தி, "இன்னாம்மா, வூட்ல எதுனா பேஜாரா?" என்றார்.

பதில் சொல்வதற்குள் வண்டி கிளம்பிவிட்டது. அந்த அதிர்வில் நிவி கண் விழித்தாள். எதிரே நான். அவள் முகம் வெளுத்துப்போனதைப் பார்த்தேன்.

"அம்மா... எந்த ஸ்டேஷன்?"

"சானடோரியம் வரப்போகுது" என்றேன்.

வேறெதுவும் சொல்லவில்லை. நான் வாயைத் திறந்தால் நிறுத்தத் தெரியாதவள் என்பது என் வாடிக்கையாளர்களுக்கே தெரியும். அன்று மட்டும் எப்படி அந்தக் கேள்விக்கான பதிலோடு நிறுத்திக்கொண்டேனோ! எந்தச் சாமி என் நாக்கைப் பிடித்ததோ, அந்தச் சாமிக்கு இன்றும் நன்றி சொல்கிறேன்.

குரோம்பேட்டையில் இறங்கினோம். நடைமேடை பெஞ்சில் உட்கார்ந்தோம். அவளாகவே பேசினாள்.

"தூங்கத்தாம்மா போனேன். வேற எதுவும் இல்ல. சத்தியமா."

"தூங்கணும்னா வீட்ல தூங்கலாமேடி."

"வீட்ல எங்கம்மா தூங்குறது? நான் படுத்தா நீ கதவத் திறந்து பாக்குற. கதவுச் சத்தம் கேட்டதும் எழுந்து புக்க எடுத்து வச்சுப்பேன். நீ போனதும் படுப்பேன். திரும்ப வருவ."

"பால் குடுக்கத்தானே வந்தேன்?"

"மூணு தடவையாம்மா பால் குடுப்பாங்க?"

சிரிப்பு வர வேண்டிய கேள்வி. இரண்டு பேருக்கும் வரவில்லை. தண்டவாளத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: "படிக்கிறது கஷ்டமா இல்லம்மா. எனக்குப் படிக்கப் பிடிக்கும். நீங்க ரெண்டு பேரும் என்னையே பாத்துட்டு இருக்கீங்க பாரு, அதான் முடியல. ட்ரெயின்ல யாரும் என்னைப் பாக்கல."

கொய்யாக்கார அக்கா பார்த்துக்கொண்டுதான் இருந்தார் என்று அப்போது அவளிடம் நான் சொல்லவில்லை. எதையும் கேட்காமல் பார்த்திருக்கிறார். எனக்கு அப்படிப் பார்க்கத் தெரிந்திருக்கவில்லை.

பாஸ்கரின் பயணம்

விஷயத்தைக் கேட்டதும் பாஸ்கர் கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை. "அப்புறம் எதுக்குடி அந்த ரூம்ல ஏசி மாட்டுனேன்?" என்று மட்டும் கேட்டுவிட்டு மொட்டை மாடிக்குப் போய்விட்டார்.

மறுநாள் சாயங்காலம் வேளச்சேரியில் ஒரு வேலை இருக்கிறது என்று போனவர் இடுப்பைப் பிடித்துக்கொண்டு வந்தார். எங்கே போனீர்கள் என்று துருவியதும் சொன்னார்: நிவி போகும் அதே நாலேகால் வண்டியில் ஏறிச் செங்கல்பட்டு வரை போய்த் திரும்பியிருக்கிறார். பெருங்களத்தூர், வண்டலூர், கூடுவாஞ்சேரி என்று ஒவ்வொரு ஸ்டேஷனாகக் கண்ணை மூடித் தூங்கிப் பார்த்திருக்கிறார். தூக்கம் வரவில்லையாம்.

"அந்த சீட்டுல எப்படிடீ தூங்குனா என் பொண்ணு? எனக்கே முதுகு புடிச்சுக்கிச்சு." சொல்லும்போதே குரல் உடைந்தது.

அந்த வாரமே மூன்று பேரும் கோச்சிங் சென்டருக்குப் போனோம். தினசரி வகுப்பை விட்டுவிட்டுச் சனி, ஞாயிறு மட்டும் வருவது என்று நிவி தானே முடிவு செய்திருந்தாள். மேலாளர் தலையை ஆட்டினார். "இந்த நேரத்துல பேட்ச் மாத்துனா ரேங்க் போயிடும் சார். யோசிச்சுக்கோங்க."

பாஸ்கர் சொன்னார்: "சார், ஒரு மெஷின் அடிக்கடி ட்ரிப் ஆகி நின்னுடுதுன்னா மெஷின் கெட்டுப்போச்சுன்னு அர்த்தம் இல்ல. லோடு ஜாஸ்தின்னு அர்த்தம்."

கணவர் இவ்வளவு அழகாகப் பேசுவார் என்று எனக்குத் தெரியாது. ஆனால் படி இறங்கும்போதே அவருக்கு வருத்தம் வந்துவிட்டது. "போயும் போயும் பொண்ண மெஷின்னு சொல்லிட்டேனே" என்றார். நிவி அப்போதுதான் சிரித்தாள். எத்தனையோ நாளுக்கு அப்புறம் சத்தமாக.

வெளியே வரும்போது வரவேற்பு மேஜையில் ஒரு சின்னப் பெண் உட்கார்ந்திருந்தாள். குரலை வைத்துக் கண்டுபிடித்தேன். எனக்குப் போன் செய்தவள். கையைப் பிடித்துக்கொண்டேன். அவள் பதறிப்போய், "சாருக்குத் தெரிய வேணாம்க்கா" என்றாள். அதனால் இன்றுவரை அவள் பெயரை நான் யாரிடமும் சொன்னதில்லை.

ஏரிக்கரையில் ஒன்றரை மணி நேரம்

"எங்ககிட்டேர்ந்து உனக்கு என்னதான்டி வேணும்?" என்று ஒரு நாள் சமையலறையில் கேட்டேன். கோபமாக அல்ல, உண்மையாகவே தெரியாமல்.

அவள் யோசித்தாள். "காலையில அஞ்சு மணிக்கு எழுப்பி விடு. எழுப்பிட்டுப் போயிடு, பக்கத்துல உக்காராத. மத்தியானத்துக்குத் தயிர் சாதம் போதும். சாயங்காலம் ஸ்கூல் விட்டு வந்ததும் ஒன்றரை மணி நேரம் வீட்ல யாரும் இருக்கக் கூடாது."

"யாருமேவா?"

"யாருமே."

கேட்டது என்னவோ சின்ன விஷயம்தான். கொடுப்பதற்கு எனக்குப் பெரும்பாடு. பதினேழு வயதுப் பெண்ணை வீட்டில் தனியாக விட்டுவிட்டு எங்கே போவது? அந்த நேரத்தில் கடையில் கூட்டம் இருக்காது என்று நானும் வீட்டுக்கு வந்துவிடுவேன். பாஸ்கரும் வேலை முடித்து வந்துவிடுவார். முதல் நாள் இருவரும் தெருமுனையில் திருடர்கள் மாதிரி நின்றோம். இரண்டாம் நாள் ஏரிக்கரைக்குப் போனோம்.

கல்யாணமாகி இத்தனை வருடத்தில் நாங்கள் சேர்ந்து நடந்ததே இல்லை. என்ன பேசுவது என்று தெரியவில்லை. பக்கத்துத் தெருக்காரர் ஒருவர் எதிரே வந்து, "என்ன பாஸ்கர், சுகரா?" என்று அக்கறையாக விசாரித்தார். "ஆமா சார், ரெண்டு பேருக்கும்" என்று இவர் சொல்லிவிட்டார். அதைச் சமாளிக்கவே தினமும் நடக்க வேண்டியதாயிற்று.

பேச்சும் மெல்ல வந்தது. மேடவாக்கத்தில் ஒரு வீட்டு ஏசியின் வெளிப்பெட்டிக்குள் புறா முட்டை வைத்திருந்ததாம். வீட்டுக்காரரிடம் பார்ட்ஸ் வர மூன்று வாரம் ஆகும் என்று பொய் சொல்லிவிட்டு வந்தாராம். இதையெல்லாம் இவர் இத்தனை நாள் யாரிடம் சொல்லிக்கொண்டிருந்தார்? யாரிடமும் இல்லை. ஏரித் தண்ணீரில் வெயில் சாய்கிற அந்த நேரத்தில், பக்கத்தில் நடக்கிற மனுஷன் யார் என்று புதிதாகத் தெரிந்துகொண்டேன். மகள் படிக்கப் போய் எனக்குக் கிடைத்தது இது.

கட்டிலுக்கடியில் இருந்த காகிதக் கட்டுகளை இழுத்துப் போட்டு, எது வேண்டும் என்று அவளையே எடுக்கச் சொன்னேன். இரண்டே இரண்டை எடுத்தாள். மிச்சமெல்லாம் பழைய பேப்பர்காரருக்குப் போயிற்று.

நான் அதோடு திருந்திவிட்டேன் என்று நினைத்துவிடாதீர்கள். பொங்கல் முடிந்து நடந்த ஒரு மாதிரித் தேர்வின் மார்க்கை அவள் குளிக்கப் போன நேரத்தில் அவள் போனைத் திறந்து பார்த்தேன். தலையில் துண்டோடு வாசலில் நின்று அவள் என்னைப் பார்த்தாள். இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள் நானே போய், "தப்புதான்டி. இனிமே தொட மாட்டேன்" என்றேன். "பரவால்லம்மா" என்றாள். ஆனால் பாஸ்வேர்டை மாற்றிவிட்டாள். சரியான காரியம்தான் செய்தாள்.

பரீட்சைக்கு முன்பு ஒரு ஞாயிற்றுக்கிழமை நானும் நிவியும் கொய்யாக்கார அக்காவைத் தேடிப் போனோம். மூன்று வண்டி விட்டு நான்காவது வண்டியில் பிடித்தோம். நான் பெரிதாக நன்றி சொல்ல வார்த்தை தேடிக்கொண்டு போயிருந்தேன். அவர் நிவியின் முகவாயைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தார்.

"கண்ணுக்கு கீழ கறுப்பு போயிடுச்சே. இப்போ வூட்ல தூங்குறியா?"

"தூங்குறேன்க்கா."

"அப்போ சரி." கூடையில் கை விட்டு, ஒன்றை எடுத்து, அமுக்கிப் பார்த்து, வைத்துவிட்டு, இன்னொன்றை எடுத்து நாலாகக் கீறி உப்பும் மிளகாய்த்தூளும் தடவிக் கொடுத்தார். காசை வாங்கவே மாட்டேன் என்றுவிட்டார். அடுத்த ஸ்டேஷனில் இறங்கி அடுத்த பெட்டிக்குப் போய்விட்டார். அவருக்கு அது வியாபார நேரம்.

இரண்டு நாள்

பிளஸ் டூவில் நல்ல மார்க். நீட்டில் டாக்டர் சீட்டுக்குப் போதாது. அவளே வந்து சொன்னாள். நாங்கள் கேட்பதற்கு முன்பே வந்து சொன்னாள் என்பதை மட்டும் தனியாக எழுதி வைக்க விரும்புகிறேன்.

பாஸ்கர், "இன்னொரு வருஷம் எழுதுறதுன்னாலும் எழுதும்மா. வேற எதுன்னாலும் சரி" என்றார்.

"ரெண்டு நாள் டைம் குடுங்கப்பா" என்றாள்.

அந்த இரண்டு நாளைப் போல் நீளமான நாட்களை நான் பார்த்ததில்லை. கேள்வி நாக்கு நுனி வரை வந்து வந்து போயிற்று. பாஸ்கர் வீட்டில் இருந்த மின்விசிறி எல்லாவற்றையும் கழற்றித் துடைத்து மாட்டினார்.

மூன்றாம் நாள் காலை. ஞாயிற்றுக்கிழமைகளில் தோசை அவர் வார்ப்பது வழக்கம். நான் சட்னிக்குத் தாளித்துக்கொண்டிருந்தேன். நிவி வந்து சமையலறை வாசலில் நின்றாள்.

"அப்பா, பிசியோதெரபி எடுக்குறேன். பிளஸ் டூ மார்க்குக்கே கிடைக்கும். இன்னொரு வருஷம் எழுத முடியாதுன்னு இல்லப்பா. எனக்கு வேணாம்னு தோணுது. இது என்னன்னு படிச்சுப் பாத்தேன், பிடிச்சிருக்கு."

தோசை தீய்ந்துகொண்டிருந்தது. அவர் அதைத் திருப்பவில்லை. எத்தனை வருடம் எத்தனை வீட்டில் "பொண்ணு டாக்டருக்குப் படிக்குது" என்று சொல்லிவிட்டு வந்த மனுஷன்! அடுப்பை அணைத்தார். "சரிம்மா" என்றார். பிறகு குளியலறைக்குப் போனார். குழாய் வெகுநேரம் ஓடியது. முகம் கழுவிக்கொண்டு வந்து, "யாருக்கு இன்னொரு தோசை?" என்றார்.

அன்று மத்தியானமே மதுராந்தகத்திலிருந்து அவருடைய அண்ணன் போன் செய்தார். எங்கள் குடும்பத்தில் எல்லாப் பிள்ளைகளின் மார்க்கும் அவருக்குத் தெரிந்தாக வேண்டும். ஸ்பீக்கரில் போடாமலே குரல் எனக்குக் கேட்டது.

"என்னடா, டாக்டர் சீட்டு போச்சாமே? புள்ளைய ஒழுங்கா கவனிச்சீங்களா இல்லையா?"

பாஸ்கர் என்னைப் பார்த்தார். பிறகு சொன்னார்: "அண்ணே, புள்ள இங்கதான் இருக்கா. நீங்க அவகிட்டயே பேசுங்க."

நிவி போனை வாங்கிக்கொண்டு கூடத்து ஜன்னல் பக்கம் போனாள். சமையலறையில் நானும் அவரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றோம்.

"நல்லா இருக்கீங்களா பெரியப்பா? ... ஆமா பெரியப்பா. ... இல்ல, அப்பா சொல்லல. அம்மாவும் சொல்லல. ... நான்தான். நானேதான் முடிவு பண்ணேன்."

அந்தப் பக்கம் பெரியப்பா நீளமாக ஏதோ பேசினார். அவள் பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருந்தாள். பிறகு திடீரென்று வாய்விட்டுச் சிரித்தாள். போனை வைத்துவிட்டுச் சிரித்த முகத்தோடு எங்களைக் கடந்து தன் அறைக்குப் போனாள்.

பெரியப்பா என்ன சொன்னார் என்று நாங்கள் கேட்கவில்லை.